கொட்டான் பின்னும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால்: எந்தக் கடன், எந்த மானியம்?

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் காரைக்குடிப் பக்கம் வருபவர்களில் பலர் ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் படமெடுத்துக்கொண்டு, கடையில் ஒரு கொட்டானும் (ஓலைக் கூடை) வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பனையோலையைக் கிழித்து, சாயம் தோய்த்து, அந்தக் கொட்டானைப் பின்னிய பெண்ணின் வாசலுக்கு அவர்கள் வருவது அபூர்வம். வந்து, அரை நாள் உட்கார்ந்து, தாங்களும் ஒரு சின்னக் கொட்டான் பின்னிப் பார்த்து, மதியச் சாப்பாடும் சாப்பிட்டுப் போனால் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது கொட்டான் விலை மட்டுமாக இருக்காது.

இப்படி ஒரு தொழிலைத் தொடங்க அரசு என்ன தருகிறது? சிக்கல் இங்கேதான். கைவினைக்கு ஒரு துறை, மகளிர் குழுவுக்கு இன்னொன்று, சுற்றுலாவுக்கு வேறொன்று. ‘கைவினைச் சுற்றுலா’ என்று எழுதிக்கொண்டு போனால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டும். ஆகவே தொழிலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பொருள் செய்வது ஒன்று, விருந்தாளியை வரவேற்பது மற்றொன்று. முதலாவதற்குத் தனி ஆளாகவும் இரண்டாவதற்குக் குழுவாகவும் விண்ணப்பிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பொருள் செய்யும் பாதிக்குப் பொருந்துவது கலைஞர் கைவினைத் திட்டம். 2025 ஏப்ரல் 19 அன்று குன்றத்தூரில் தமிழ்நாடு அரசு இதைத் தொடங்கியது. கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை அப்படியே ஏற்க மறுத்த தமிழக அரசு, அதற்கு மாற்றாகக் கொண்டுவந்தது இது. ஒன்றியத் திட்டத்தில் 18 தொழில்கள்; இதில் 25. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அத்தை வீட்டில் பின்னக் கற்றவரும் பயிற்சி மையத்தில் கற்றவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். குழுவில் உள்ள இளம் பெண்கள் இங்கே வெளியே நிற்க நேரும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கூடை முடைதல், பாய் பின்னுதல், மண்பாண்டம், தையல் போன்றவை பட்டியலில் உள்ளன. உங்கள் கைவேலை எந்தப் பெயரின் கீழ் வருகிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, அதே பெயரை விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

கடன் 3 லட்சம் ரூபாய் வரை. மானியம் 25 சதவீதம், உச்சவரம்பு 50,000 ரூபாய். வட்டியில் 5 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 2 லட்சத்துக்குக் கால் பங்கு என்றால் 50,000. அதோடு வரம்பு முடிந்துவிடுகிறது. 3 லட்சம் வாங்கினாலும் மானியம் அதே 50,000தான், அதாவது ஆறில் ஒரு பங்கு. மூன்றாவது லட்சம் உண்மையிலேயே தேவையா என்று வீட்டில் பேசிவிட்டு வங்கிக்குப் போகலாம். ஓலையும் சாயமும் வாங்குவதற்கு அவ்வளவு தேவைப்படாது என்பது என் எண்ணம்.

விருந்தாளிக்கான பாதி வேறு வகை. பின்னுகிற திண்ணைக்கு நிழல், உட்காரப் பாய், குடிநீர், சமைக்கப் பாத்திரம், எல்லாவற்றுக்கும் முன்னால் சுத்தமான ஒரு கழிப்பறை. (வண்ண விளம்பரப் பலகை கடைசி. பல இடங்களில் அதுதான் முதலில் முளைக்கிறது.) இவை எல்லோருக்கும் பொதுவானவை என்பதால் ஒருத்தி தலையில் கடனாக ஏற்றக் கூடாது. குழுக் கடனுக்குப் போக வேண்டும்.

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, சுய உதவிக் குழு குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக இயங்கியிருந்தால் வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும். அந்த ஆறு மாதத்தைக் குழுவின் பதிவேடுகளைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும், வங்கிக் கணக்குத் தொடங்கிய நாளை வைத்து அல்ல. 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்பைப் பிடித்துவைக்கக் கூடாது, வைப்புத் தொகை போடச் சொல்லவும் கூடாது. ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இது. கிளையில் வேறு மாதிரிச் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மகளிர் குழுவுக்கு 3 லட்சம் வரையிலான கடன் 7 சதவீத வட்டியில் கிடைக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகம் இதற்கு வழிகாட்டும்.

இரவு தங்கவைப்பது தனிக் கதை. வீட்டில் ஓர் அறையைத் தங்குமிடமாக மாற்ற விரும்புபவர்களுக்குச் சிறுதொழிலுக்கான முத்ரா கடன் தரப்படும் என்று 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முத்ராவுக்கும் பிணை தேவையில்லை. இருந்தாலும் முதல் ஆண்டு பகல் விருந்தாளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இரவு தங்கல் என்றால் படுக்கை, பாதுகாப்பு, பதிவேடு என்று வேலை கூடும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசுக்கு இணையவழியில் தெரிவித்தாக வேண்டும். வீடாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. பணம் வாங்கிக்கொண்டு சாப்பாடு போடுவதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். தொழிலை ஒன்றிய அரசின் சிறுதொழில் பதிவுக்கான உத்யம் தளத்தில் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. அதற்குப் பணம் கேட்பவர் இடைத்தரகர்.

இன்னொரு காகிதத்தைப் பலரும் கவனிப்பதில்லை. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு அறியப்படும் பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, உண்டு. பத்தமடைப் பாய்க்கும் உண்டு. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டதால் பின்னுகிற எல்லோருக்கும் அந்த உரிமை தானாக வந்துவிடாது. ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று ஒவ்வொருவரும் பதிந்துகொள்ள வேண்டும். இதற்கான கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்த விருந்தாளியிடம் அந்தச் சான்றையும் காட்ட முடிந்தால் விலை பேரம் சுருங்கும்.

குழுவாக நடத்தும்போது கடனைவிடப் பங்குதான் அதிகச் சண்டையை இழுக்கும். பின்னிக் காட்டியவருக்கு எவ்வளவு, சமைத்தவருக்கு எவ்வளவு, யார் வீட்டுத் திண்ணை, பாத்திரம் கழுவியவர் யார், பொதுநிதிக்கு எவ்வளவு என்பதை முதல் விருந்தாளி வருவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வந்தவர் தனியாகக் கொடுக்கும் அன்பளிப்பு யாருக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

விருந்தாளி எங்கிருந்து வருவார் என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தின் குமரகம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2008இல் அங்கே உள்ளூர் மக்களுக்கும் பயன் தரும் பொறுப்புச் சுற்றுலா தொடங்கியபோது, கேரளத்தின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் முதலில் செய்தது விடுதிகளுக்குக் காய்கறி கொடுத்ததுதான். ஓலை முடைவதையும் கயிறு திரிப்பதையும் காட்டும் கிராமப் பயணங்கள் அந்தப் பழக்கத்தின்மேல் வளர்ந்தன. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகள் விடுதிகளாக இயங்குகின்றன. விண்ணப்பம் மேசையில் கிடக்கும் மாதங்களில், அந்த விடுதிகளில் ஒன்றுக்கு நான்கு கொட்டானோடு போய், மேலாளரிடம் ஒரு பகல் பொழுதுக்கு ஆறு பேரை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு எந்தப் படிவமும் வேண்டாம்.