மக்கள்தொகை: ஒரு சொல்லும் ஒரு தீவுக்கூட்டமும்

ஆங்கிலத்தில் ‘பாப்புலேஷன்’ எனப்படுவதற்குத் தமிழகத்தில் இன்று நிலைபெற்றிருக்கும் சொல் மக்கள்தொகை. ஓர் இடத்தில் வாழும் மனிதர்களின் மொத்த எண்ணிக்கை என்பது இதன் பொருள். சென்னை இதழ்கள் முன்பு ஜனத்தொகை என்று எழுதின. இலங்கைத் தமிழில் சனத்தொகை, குடிசனம் என்னும் வழக்குகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆங்கிலச் சொல், மக்கள் திரளைக் குறிக்கும் ‘பாப்புலஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஜனம், பிறத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து பிறந்தது. மக்கள் என்பதோ மகவு, மகன், மகள் ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சொல். திருக்குறளின் மக்கட்பேறு என்னும் அதிகாரத் தலைப்பில் அது பிள்ளைகளைச் சுட்டுகிறது. உயர்திணைக்கு வரையறை சொல்லும் தொல்காப்பியத்தில் மனித இனம் முழுவதையும் சுட்டுகிறது.

சொல்லின் பின்பாதியான தொகையைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். தொகு என்னும் வினையடியிலிருந்து வந்த இதற்குக் கூட்டம், திரட்டு, கூட்டிவந்த எண் என்றெல்லாம் பொருள் உண்டு. சங்கப் பாடல்களின் எட்டுத் திரட்டுகளும் எட்டுத்தொகை எனப்பட்டன. வேற்றுமை உருபு மறைந்து நிற்கும் தொடரை இலக்கண நூலார் தொகை என்றே அழைத்தார்கள். அந்தக் கணக்கில் ‘மக்களது தொகை’ என விரியும் மக்கள்தொகையும் ஆறாம் வேற்றுமைத்தொகைதான். புணர்ச்சி விதியைக் கடுமையாகப் பின்பற்றினால் மக்கட்டொகை என்று எழுத வேண்டும். ஆனால் படிப்பவருக்குச் சொல் உடனே விளங்க வேண்டும் என்பதால் இயல்பாக எழுதும் இன்றைய வழக்கையே நான் ஏற்கிறேன். தொகைக்கு மறுதலையான சொல் விரி. ஒரு நாட்டின் அல்லது தீவின் மக்கள்தொகையைச் சொல்லும்போதும் அந்த எண்ணை எதனோடாவது ஒப்பிட்டு விரித்தால்தான் அது எவ்வளவு என்பது மனத்தில் பதிகிறது. சிறிய தீவுகளின் எண்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

லட்சத்தீவுகளை எடுத்துக்கொள்வோம். 1956 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. ஒரு பகுதி மலபார் மாவட்டத்திலும், அமினி முதலிய வடதீவுகள் தென்கன்னட மாவட்டத்திலும் இருந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தனி யூனியன் பிரதேசமாயின. இன்றைய பெயர் 1973இல் வந்தது. 2011 கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தவர்கள் 64,473 பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, அப்போதைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. அதாவது சென்னை மாவட்டத்தில் லட்சத்தீவைப் போல் ஏறத்தாழ 72 மடங்கு மக்கள் இருந்தனர். இன்னும் நெருங்கிய ஒப்பீடு வேண்டுமென்றால் 200 வார்டுகளாக விரிந்த சென்னை மாநகராட்சியைப் பார்க்கலாம். அந்த 426 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2011 கணக்குப்படி 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். வார்டுக்குச் சராசரியாக 33,000 பேர். ஒரு யூனியன் பிரதேசம் முழுவதும் சென்னையின் இரண்டு வார்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த ஒப்பீடு உண்மையானது; ஆனால் இதோடு நிறுத்திக்கொள்பவர் லட்சத்தீவில் இடம் தாராளமாகக் கிடக்கும் என்று எண்ணிவிடக்கூடும். அதனால்தான் மக்கள்தொகைக்கு அருகில் மக்களடர்த்தி என்ற சொல்லையும் வைக்க வேண்டியிருக்கிறது. நெருங்குதலைக் குறிக்கும் அடர் என்னும் அடியிலிருந்து வந்த இச்சொல், ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது. தீவுகள் 36 இருந்தாலும் மக்கள் குடியிருப்பவை 10 மட்டுமே. மொத்த நிலப்பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேர் வருகிறார்கள். தமிழ்நாட்டின் அடர்த்தி அப்போது 555. ஆக, மொத்த எண்ணிக்கையில் இரண்டு வார்டுகளுக்கு ஈடான இடம், நெருக்கத்தில் நம் மாநிலத்தின் சராசரியைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல். அன்றைய சென்னை மாவட்டத்தின் 26,000க்கும் மேற்பட்ட அடர்த்தியோடு ஒப்பிட்டால் மீண்டும் அது குறைவாகத் தெரிகிறது. பவளப்பாறை வளையங்களுக்குள் இருக்கும் ஆழமற்ற கடற்பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். அதையும் பரப்பாகச் சேர்த்தால் அடர்த்தி 15 ஆகச் சுருங்கிவிடும். எதால் வகுத்தோம் என்பதைச் சொல்லாத அடர்த்தி பயனற்றது.

தலைக்கு எவ்வளவு என்று கணக்கிடும்போது எண் இன்னும் உயிர் பெறுகிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை நிறுவியது. கடலின் மேற்பரப்பு நீருக்கும் ஆழத்து நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு இயங்கும் அதன் திறன் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். சென்னைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சுமார் 11,200 பேர் வாழ்ந்த கவரத்தியில் தலைக்கு ஏறத்தாழ 9 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் போதுமான நீர். மக்களாட்சியிலும் இப்படித்தான்: 2024 தேர்தலில் ஒரு மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தென்சென்னைத் தொகுதியில் ஏறக்குறைய 20 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள்; லட்சத்தீவில் 60,000க்கும் குறைவான வாக்காளர்களே இருந்தார்கள். அவர்களைச் சென்னையின் அளவுகோலால் மட்டும் அளந்து அந்த ஓர் இடத்தை மிகை என்பது சரியன்று. பத்துத் தீவுகளுக்கும் இடையே கடல் கிடக்கிறது. பள்ளியும் மருத்துவமும் படகுத்துறையும் ஒவ்வொன்றிலும் தனித்தனியே வேண்டும்.

இந்த எண்களை எடுக்கும் பணிக்கு ‘சென்சஸ்’ என்று பெயர். மதிப்பிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்த அச்சொல், ரோமானியர் குடிமக்களையும் அவர்களது உடைமையையும் பதிவுசெய்ததைக் குறித்தது. தமிழகத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றும், இலங்கையில் தொகைமதிப்பு என்றும் சொல்கிறோம். குடிமதிப்பு என்னும் சொல்லும் உண்டு. எனக்கு அதுவே பிடித்தமானது. சுருக்கமாக இருப்பதோடு, மதிப்பிடுதல் என்ற மூலப்பொருளையும் காக்கிறது. குடி என்பது குடும்பம், குடியிருப்பு இரண்டையும் குறிப்பதால் யாரை எண்ணுகிறோம் என்பதையும் தெளிவாக்குகிறது.

அந்தத் தெளிவு தேவைப்படும் இடம் பசிபிக் கடலில் இருக்கிறது. நியூசிலாந்தோடு இணைந்த தன்னாட்சித் தீவான நியுவேயின் பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். லட்சத்தீவு நிலத்தைப் போல் எட்டு மடங்கு. 2017 கணக்கெடுப்பில் அங்கு இருந்தவர்கள் சுமார் 1,700 பேர். ஆனால் 2018இல் நியூசிலாந்தில் எடுத்த கணக்கெடுப்பில் 30,000க்கும் மேற்பட்டோர் தம்மை நியுவே இனத்தவர் என்று பதிந்தனர். ‘நியுவே மக்கள் 1,700 பேர்’ என்று எழுதினால் கடல் கடந்து வாழும் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். ‘கணக்கெடுப்பின்போது நியுவேயில் இருந்தவர்கள் 1,700 பேர்’ என்றே எழுத வேண்டும்.