சுற்றும்போது எண்ணாதீர்கள்

அக்டோபர் பிறந்தால் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "சார், நம்ம தோட்டத்து மேல அம்பது அறுபது பருந்து சுத்துது, ஏதாச்சும் செத்துக் கிடக்கா?" ஒன்றும் சாகவில்லை. ஜப்பான், சைபீரியா பக்கம் குளிர் தொடங்கியதும் கிளம்பி, நம் மலேசியத் தீபகற்பத்தின் வழியே இறங்கி, மேற்குக் கரையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தஞ்சோங் துவான் முனையில் 40 கிலோமீட்டருக்குள் அடங்கும் கடலைத் தாண்டி சுமத்ரா போகிற தேன் பருந்துகள் அவை. வழியில் போர்ட்டிக்சன் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர்.

கோழிக்குஞ்சைத் தூக்கிவிடும் என்று உண்டிவில்லோடு ஓடும் பையன்களை வீட்டுப் பெரியவர்கள் தயவுசெய்து தடுங்கள். இதற்குத் தீனி குளவிக்கூட்டில் இருக்கும் புழுக்கள். உங்கள் கோழி அதற்குப் பொருட்டே இல்லை.

சரி, எண்ண ஆசையா? பறவைக் கணக்கெடுப்பு என் தொழில், ஆனாலும் முதல் வருடம் நானே சொதப்பினேன். மறுநடவுக்காகச் செம்பனையை வெட்டிச் சாய்த்த மொட்டை நிலம் பத்து மணிக்கெல்லாம் சூடேறி, அதிலிருந்து எழும் வெப்பக் காற்றில் பருந்துகள் இறக்கையை அசைக்காமலே வட்டமடித்து மேலே ஏறும். அந்த வட்டத்தை எண்ணி 140 என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற நண்பர் 83 என்றார், அவர்தான் சரி. சுற்றுகிற பறவை முன்னால் வரும், பின்னால் போகும், ஒன்றையே மூன்று தடவை எண்ணுவோம். உச்சிக்கு ஏறியதும் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெற்கே வழுக்கிக்கொண்டு போகும் பாருங்கள், அப்போது எண்ணுங்கள். ஆலைப் புகைபோக்கியை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டியது மட்டும் கணக்கு, திரும்பி வந்தால் கழித்துவிட வேண்டும்.

தேன் பருந்துக்குத் தலை புறா மாதிரி சின்னது, கழுத்து நீளம், விரித்த இறக்கை நுனியில் ஆறு விரல்கள். கூடவே வலசை போகும் வேட்டைப் பறவைகளான சீன வைரி, ஜப்பான் வைரி இரண்டும் உருவில் சிறியவை, உயரத்தில் பிரித்தறிய எனக்கே கஷ்டம், அதனால் 'வைரி' என்று மட்டும் எழுதினால் போதும். பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் இங்கேயே குடியிருப்பது, கணக்கில் சேர்க்காதீர்கள். நீல வானத்தில் பறவை கரைந்துவிடும், வெள்ளை மேகம் பின்னால் இருந்தால் பிடிபடும்.

ஒன்றுமே வராத நாளிலும் 0 என்று எழுதி, எத்தனை மணி நேரம் நின்றீர்கள், மழையா, புகைமூட்டமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2015 மாதிரி புகை சூழ்ந்த அக்டோபரில் 0 என்றால் பருந்து வரவில்லை என்று அர்த்தமில்லை, நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெரிய எண்ணாகச் சொன்னால்தான் மதிப்பு என்று நினைத்து ஊதிவிடுபவர்களோடு வேலை செய்து நொந்திருக்கிறேன்.

போன வாரம் லயத்து அக்கா ஒருவர் அனுப்பிய செய்தி: "புகைபோக்கி தாண்டுனது 31, திரும்புனது 2, ஒண்ணு காக்காயா இருக்கலாம் தம்பி."