வொயிட்வால் மாட்டும் முன் டயரைப் பாருங்கள்

அம்பாசிடர், பத்மினி, கான்டெஸா என்று பழைய வண்டியைத் தூசி தட்டி எடுப்பவர்கள் பெங்களூரில் பெருகிவிட்டார்கள். பெயின்ட், சீட், குரோம் எல்லாம் முடிந்த பிறகு, அல்சூரில் உள்ள எங்கள் டயர் கடைக்கு வந்து கேட்பார்கள்: "அண்ணா, வொயிட்வால் போட்டா ஜம்முனு இருக்கும்ல?" இருக்கும். வொயிட்வால் என்றால் பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை உள்ள டயர். அது எந்த வெள்ளை என்பதுதான் விஷயம்.

அசல் வொயிட்வாலில் வெள்ளை ரப்பர் டயரோடு சேர்ந்தே அச்சில் வெந்து வருகிறது. மேலே இருக்கும் மெல்லிய கறுப்புத் தோலைத் தொழிற்சாலையிலேயே சீவி எடுத்துவிடுவார்கள். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, சாதாரண டயரின் பக்கவாட்டை கிரைண்டரால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ளே வெள்ளை கிடையாது, டயரைத் தாங்கும் இழைகள்தான் இருக்கின்றன. அப்படித் தேய்த்த டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதிகம் விற்பது தனி வளையம். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே செருகும் வெள்ளை ரப்பர் அது. உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் அந்தக் காலத்து கிராஸ் பிளை டயரின் பக்கவாட்டு விறைப்பாக இருக்கும். இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் இன்றைய ரேடியலில் அப்படியில்லை, தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் பிதுங்கும். அம்பாசிடர் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 தடவை அந்தப் பிதுக்கம் நடக்கிறது. வளையத்துக்குள் புகுந்த நம்ம ஊர் மண் அத்தனை தடவையும் ரப்பரை அரம் மாதிரி அறுக்கும். வளையத்தைக் கழற்றினால் நகத்தால் தடவியே உணரக்கூடிய பள்ளம் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

டியூப்லெஸ் என்றால் இன்னொரு தலைவலி. காற்றை அடைத்து நிறுத்தும் இடத்திலேயே வளையம் உட்கார்ந்துகொள்கிறது. காற்று மெல்ல இறங்கும், ஏர்போர்ட் ரோட்டில் வேகம் பிடித்தால் வளையத்தின் ஓரம் எழும்பிப் படபடக்கும். ரேடியலுக்கு நான் இதைப் போட்டுத் தருவதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு, போகட்டும்.

டயரில் வெள்ளையாகச் சாதாரண பெயின்ட் அடித்தால் வெடித்து உதிரும், அதில் கலந்த தின்னரும் ரப்பருக்கு ஆகாது.

சரி, அசலையே வாங்குகிறீர்கள். டியூப் டயருக்காகச் செய்த பழைய ரிம்மில், டயர் விளிம்பு நழுவாமல் தடுக்கும் மேடு பெரும்பாலும் இருக்காது, அதனால் டியூப் போட்டே ஓட்டுங்கள். ஒரே ஆக்ஸிலில் ரேடியலும் கிராஸ் பிளையும் கலக்கவே கூடாது. அகலமான வெள்ளை 1950களின் வண்டிகளுக்கான அழகு. அமெரிக்காவிலேயே 1960களின் தொடக்கத்தில் அது மெல்லிய கோடாகச் சுருங்கிவிட்டது. 1984-இல் வந்த கான்டெஸாவுக்கு அகலப் பட்டை போட்டால், என் கண்ணுக்கு, பேரன் தாத்தாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட மாதிரிதான்.

வாங்கும்போது பக்கவாட்டில் 'DOT' என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மாதம் ஒரு தடவை நந்தி மலைக்குப் போய்வரும் வண்டியில் டயரின் பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் கிழடாகிவிடும். ஆறு வயதைத் தாண்டியதை வருடா வருடம் கழற்றிப் பார்க்கச் சொல்வேன், பத்து வயதானதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புது டயரின் வெள்ளை மேல் நீலப் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம், அழுக்குப் படாமல் இருக்கப் பூசியது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும், பெட்ரோல் துணி வேண்டாம்.