வட்டு நிறைந்த இரவில் முதலில் எதையும் அழிக்காதீர்கள்

இரவு இரண்டரை மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பில் நல்ல செய்தி இருந்ததாக எனக்கு நினைவில்லை. அன்று அழைத்தவன் என்னிடம் வேலை பழகிய தம்பி. இப்போது ஒரு சிறு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறான்.

"அண்ணா, வட்டு நூறு சதவீதம் நிறைந்துவிட்டது. டேட்டாபேஸ் நின்றுவிட்டது. 38 ஜிபிக்கு ஒரு லாக் கோப்பு இருந்தது, அழித்துவிட்டேன். ஆனால் ஒரு எம்பி கூட இடம் கூடவில்லை."

"சரி, இனி எதையும் அழிக்காதே. கையை விசைப்பலகையிலிருந்து எடு" என்றேன்.

பழைய பேக்கப் கோப்புறையை அழிக்கும் கட்டளையையும் தட்டச்சு செய்து வைத்துவிட்டு, என்டரை அழுத்தும் முன்புதான் அவன் என்னை அழைத்திருக்கிறான். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வட்டு நிறைவது சர்வர் உலகில் காய்ச்சல் மாதிரி, எல்லோருக்கும் வரும். நான் பார்த்தவரை சேதம் காய்ச்சலால் வருவது குறைவு. பதற்றத்தில் கொடுக்கும் மருந்தால் வருவதே அதிகம். 'இடம் இல்லை' என்று கணினி சொன்னால், 'எதையாவது அழி' என்று நம் காதில் விழுகிறது. கணினி அப்படிச் சொல்லவே இல்லை.

லாக் என்பது நிரல் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் நாட்குறிப்பு. தம்பியின் 38 ஜிபி எங்கே போனது? லினக்ஸில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. பெயர் என்பது கோப்புறையில் எழுதியிருக்கும் ஒரு வரி மட்டுமே. அது ஐநோடு என்ற பதிவைச் சுட்டும். தரவு எந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பது அந்த ஐநோடுக்குத்தான் தெரியும். கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை நீக்குவது அந்தப் பெயர் வரியைத்தான். எல்லாப் பெயர்களும் போய், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடினால்தான் லினக்ஸின் மையமான கெர்னல் இடத்தை விடுவிக்கும். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டோம், உள்ளே குடித்தனக்காரர் இன்னும் சமைத்துக்கொண்டிருக்கிறார். அன்று அந்தக் குடித்தனக்காரர் வெப் சர்வர்.

இதனால்தான் வட்டில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் இரண்டு கட்டளைகளில், டிஎஃப் ஒரு கணக்கும் டியு வேறொரு கணக்கும் சொல்கின்றன. டிஎஃப், கோப்புகளை வட்டில் அடுக்கி வைக்கும் கோப்பு முறைமையிடமே நேராகக் கேட்கிறது. டியு பெயர்களின் வழியாக நடந்து போய்க் கூட்டுகிறது. பெயர் இல்லாத கோப்பு அதன் கண்ணில் படாது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

தொலைபேசியில் கட்டளை சொல்வது தனிக்கலை. "எல்எஸ்ஓஎஃப், ஓர் இடைவெளி, கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று. நடுவில் இடைவெளி வேண்டாம். ரூட்டாக ஓட்டு." ரூட் என்பது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு. பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே போன, ஆனால் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் அந்தக் கட்டளை பட்டியலிடும். பட்டியலில் 38 ஜிபி கோப்பும், அதைப் பிடித்திருந்த நிரலின் எண்ணும் தெரிந்தன. வெப் சர்வருக்கு லாக்கை மூடித் திறக்கும் சைகையை அனுப்பச் சொன்னேன். அடுத்த நொடியே இடம் திரும்பியது. பிடித்திருந்தது டேட்டாபேஸாக இருந்திருந்தால், நிரலைச் சட்டென்று கொல்ல 'கில்' கட்டளையோடு ஒன்பதைச் சேர்த்து அடிக்கும் பழக்கம் உள்ளவர்களை நினைத்து நடுங்கியிருப்பேன்.

சரி, அழிக்காமல் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் லாக்கின் கடைசி ஆயிரம் வரிகளை வேறு வட்டுக்கோ வேறு சர்வருக்கோ நகலெடுத்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு வளர்ந்தது என்பதற்கான ஒரே சாட்சி அதுதான். பிறகு ட்ரங்கேட் கட்டளையால் கோப்பின் அளவைப் பூஜ்யமாக்கியிருக்கலாம். பெயரும் இருக்கும், நிரலும் நிற்காது, இடமும் உடனே கிடைக்கும். சில நிரல்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். அப்போது கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை பழைய பெரிய அளவையே காட்டும். டியுவில் பார்த்தால் உண்மை தெரியும்.

இதே இயல்புக்கு இனிப்பான மறுபக்கமும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டால், நிரலை நிறுத்தாதீர்கள், சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ப்ராக் கோப்புறைக்குள் அந்த நிரலின் எண்ணில் ஒரு கோப்புறை இருக்கும், அதனுள் எஃப்டி என்று இன்னொரு கோப்புறை. அங்கே அழிந்த கோப்பு ஓர் இணைப்பாக இன்னும் தெரியும். சிபி கட்டளையால் நகலெடுத்துக்கொள்ளலாம். நான் இருமுறை இப்படிக் கோப்புகளை மீட்டிருக்கிறேன். இரண்டு முறையும் அழித்தவன் நானே.

வட்டில் இடம் இருந்தும் 'இடம் இல்லை' என்று வருவது இன்னொரு வகை. டிஎஃப் 60 சதவீதம் என்கிறது, ஆனால் காலிக் கோப்பைக்கூட உருவாக்க முடியவில்லை. டிஎஃப்போடு சிறிய 'ஐ' தெரிவைச் சேர்த்துப் பாருங்கள், ஐநோடுகள் தீர்ந்திருக்கும். இரண்டு குறைக்கும் கெர்னல் ஒரே பிழைச் செய்தியைத் தருவதால் வரும் குழப்பம் இது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 16 கேபிக்கு ஓர் ஐநோடு என்று உருவாக்கும்போதே ஒதுக்கிவிடும். 20 ஜிபி வட்டில் சுமார் 13 லட்சம். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை அபூர்வம். நான் பார்த்த ஓர் இணையதளத்தில், வருகிற ஒவ்வொருவருக்கும் தளத்தை ஓட்டும் பிஎச்பி, அவரை நினைவில் வைக்க ஒரு செஷன் கோப்பை எழுதியது. அவற்றைத் துடைக்க வேண்டிய, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை மாதக்கணக்கில் ஓடவே இல்லை.

லட்சக்கணக்கான கோப்புகளை நட்சத்திரக் குறி போட்டு ஆர்எம் அடித்தால், பட்டியல் மிக நீளம் என்று, நம் கட்டளைகளை வாங்கும் ஷெல் மறுத்துவிடும். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளைதான் வழி. இங்கே ஒரு குழி இருக்கிறது. ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. பெயர், வயது முதலிய நிபந்தனைகளுக்குப் பின்னால் 'டெலீட்' வர வேண்டும். அதை முன்னால் போட்டால், நிபந்தனையைப் படிக்கும் முன்பே கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துக்கொண்டு போகும். ஆகவே முதலில் டெலீட் இல்லாமல் ஓட்டுங்கள், வரும் பட்டியலைக் கண்ணால் பாருங்கள், பிறகு மேல்நோக்கு அம்பை அழுத்தி அதே கட்டளையின் கடைசியில் டெலீட்டைச் சேர்த்துவிடுங்கள்.

இடத்தின் கணக்கு பிசகுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கிவைக்கிறது. 1 டிபி வட்டில் அது 50 ஜிபி. சிஸ்டம் வட்டில் அதைத் தொடாதீர்கள், நெருக்கடியில் நீங்கள் உள்ளே நுழைவதே அந்த இடத்தால்தான். வெறும் தரவு வட்டென்றால் ட்யூன்2எஃப்எஸ் கொண்டு 1 சதவீதமாகக் குறைக்கலாம். இன்னொன்று, ஒரு வட்டை ஒரு கோப்புறையோடு இணைக்கும் (மவுண்ட் செய்யும்) முன் அதே கோப்புறையில் எழுதப்பட்டவை அடியில் மறைந்து கிடப்பது. பேக்கப் வட்டு மவுண்ட் ஆகாத இரவில், பேக்கப் முழுவதும் சிஸ்டம் வட்டில் இறங்கியிருக்கும். எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலான மூலக் கோப்புறையை வேறோர் இடத்தில் மறுபடி இணைத்து (பைண்ட் மவுண்ட் செய்து) அங்கே டியு ஓட்டினால் அகப்படும்.

தம்பி தட்டாமல் விட்ட அந்த என்டரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு, நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் ஞாபகம் வரும். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வரில் காலி செய்ய வேண்டிய தரவுக் கோப்புறையை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார்; சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் இருக்கிறதே என்று போனால், அங்கே எதுவும் இல்லை. டேட்டாபேஸ் பதிப்பு 9.6, நகலெடுத்த கருவியின் பதிப்பு 9.2, பொருந்தாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அஞ்சல் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாரையும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான், அதாவது வட்டின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்த நகல்தான், காப்பாற்றியது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அவர்கள் வெளியிட்ட அறிக்கையைப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே படிக்கக் கொடுக்கிறேன். ஆர்எம் அடிக்கும் முன், எந்தக் கணினியில் இருக்கிறோம் என்று காட்டும் ஹோஸ்ட்நேம் கட்டளையை அடித்துப் பார்க்கும் பழக்கம் அதன் பிறகு அவர்களுக்குத் தானாக வருகிறது. பேக்கப்பை மாதம் ஒருமுறை வேறு கணினியில் உண்மையாகவே மீட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும், வற்புறுத்தாமல் யாருக்கும் வருவதில்லை.

தம்பியின் சர்வரில் மறுநாள் செய்தவை சாதாரணமானவை. பழைய லாக்குகளைச் சுழற்றித் துடைக்கும் லாக்ரொட்டேட் அமைப்பில் அந்த லாக்கின் பெயரே இல்லை, சேர்த்தோம். கணினியின் பொது லாக்கான சிஸ்டம்டி ஜர்னல், வட்டின் 10 சதவீதம் அல்லது 4 ஜிபி, இரண்டில் எது குறைவோ அதுவரை வளரும். சிறிய சர்வருக்கு அதுவே அதிகம் என்பதால் 500 எம்பியாகக் கட்டினோம். 80 சதவீதத்தில் எச்சரிக்கை, ஐநோடுக்கும் தனி எச்சரிக்கை.

கடைசியாக, ஃபாலொகேட் கட்டளையால் 2 ஜிபிக்கு ஒன்றுக்கும் உதவாத ஒரு கோப்பை உருவாக்கி வைத்தோம். அடுத்த முறை வட்டு நிறைந்தால், யோசிக்காமல் அழிக்க அனுமதி உள்ள ஒரே கோப்பு அதுதான். மூச்சு வாங்க அந்த இடம் போதும். தம்பி அதற்குத் தமிழிலேயே 'உண்டியல்' என்று பெயர் வைத்தான். லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும், ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் உச்சவரம்பு, உண்டியலுக்கு 24 பைட்தான் ஆகிறது.

போன மாதம் அந்த சர்வரில் நுழைந்து பார்த்தேன். உண்டியலைக் காணவில்லை. யாரோ ஒரு நெருக்கடியில் உடைத்திருக்கிறார்கள். திரும்ப வைக்க மறந்துவிட்டார்கள். இந்த முறை நான்தான் தம்பியை அழைத்தேன், பகல் பதினொரு மணிக்கு.