உதிர்ந்த இலை, பழைய கடிதம்: கை வைக்கும் முன்

இலையுதிர் காலம் வந்துவிட்டால் என் மேஜைக்கு வேலை கூடும். பழைய காகிதங்களையும் குடும்பங்களில் வழிவழியாக வரும் சிறு பொருள்களையும் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். வெளியே வெயில் தணிந்து, மரங்கள் நிறம் மாறும் நாள்களில் மக்கள் இரண்டு காரியங்கள் செய்கிறார்கள். நடந்துவிட்டுத் திரும்பும்போது கை நிறைய இலைகளையும் காய்களையும் பொறுக்கி வருகிறார்கள். வீட்டுக்குள் அடையத் தொடங்கியதும் பெட்டிகளைத் திறந்து பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் வெள்ளிச் சிமிழ்களையும் வெளியே எடுக்கிறார்கள். இரண்டுமே மனத்துக்கு இதமானவை. இரண்டும் எனக்கும் பிடித்தவை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் மறந்துபோன பொருளைவிட, பாசத்தோடு துடைத்து, ஒட்டி, சட்டம் போட்டு, ஜன்னலோரம் வைத்த பொருளே மோசமாகக் கெட்டு என்னிடம் வருகிறது.

முதலில் இலை. பகல் குறுகத் தொடங்கியதும் மரம் தன் இலைகளிலிருந்து நைட்ரஜன் போன்ற சத்துகளைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளித்தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமியைச் சில மரங்கள் உதிரப்போகும் இலையிலும் புதிதாக உண்டாக்குகின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி இல்லாத குளிரும் தொடர்ந்து அமைந்த ஆண்டில் சிவப்பு கண்ணைப் பறிக்கும். எல்லா நிறமும் போனபின் மிஞ்சுவது டானின் என்ற துவர்ப்புப் பொருளின் பழுப்பு. கீழே விழுந்துவிட்டாலும் இலைக்குள் ஈரம் இருக்கிறது, அமிலமும் இருக்கிறது. அதைத்தான் நாம் கொண்டுபோய்ப் புத்தகத்துக்குள் வைக்கிறோம்.

ஒரு பெண்மணி தம் தாயாரின் அகராதியைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு மேப்பிள் இலை, நரம்புகள் மட்டும் புடைத்து, மற்ற இடமெல்லாம் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. அது கிடந்த பக்கத்தில் அதே வடிவத்தில் ஒரு பழுப்பு நிழல். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நிழல். தாளைப் புரட்டினால் பின்புறத்திலும் மங்கலாக ஒன்று. காம்பு அழுந்திய இடத்தில் நிழல் கரும்பழுப்புக் கோடாக இறங்கியிருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது அந்தக் கோட்டின் ஓரத்தில் காகித நார்கள் முறிந்து தூளாகத் தொடங்கியிருந்தன. “கறையை மட்டும் எடுத்துவிடுங்கள். இலை அம்மா வைத்தது, அது அங்கேயே இருக்கட்டும்” என்றார். கறை நாருக்குள் ஊறிவிட்டது, அதை எடுக்கப்போனால் தாள் தாங்காது என்று எடுத்துச் சொன்னேன். இலையின் இருபுறமும் அமிலமற்ற மெல்லிய தாளை இட்டு, அது கிடந்த பக்கத்திலேயே, கிடந்த சாய்விலேயே திரும்ப வைத்தேன். யார் வைத்தார்கள், எந்தச் சொல்லின் மேல் வைத்தார்கள் என்பதும் அந்த அகராதியின் வரலாறுதான். சுத்தம் செய்கிறேன் என்று அதைக் கலைக்க எனக்கு உரிமையில்லை.

ஆகவே, நீங்கள் போற்றும் புத்தகத்தில் இலையை உலர்த்தாதீர்கள். மையொற்றும் தாள்களுக்கோ பழைய செய்தித்தாள்களுக்கோ நடுவில் வைத்துக் கனம் ஏற்றுங்கள். முதல் சில நாள்கள் தினமும் தாளை மாற்றுங்கள். சீக்கிரம் உலரும் இலையில்தான் நிறம் நிற்கும். நன்றாக உலர்ந்தபின் அமிலமற்ற உறையில் இட்டு இருட்டில் வையுங்கள். தாவரவியலாளர்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இதையே செய்து வருகிறார்கள். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் செடிகளைப் புத்தகமாகக் கட்டாமல் உதிரித் தாள்களில் ஒட்டி வைத்தார். அவை லண்டனில் லின்னேயன் சங்கத்தின் காப்பில் இன்றும் உள்ளன. மாறாக, கவிஞர் எமிலி டிக்கின்சன் இளம் வயதில் ஓர் ஏட்டில் ஒட்டிச் சேர்த்த 424 தாவர மாதிரிகள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஏடு அவ்வளவு நொய்ந்துவிட்டதால் படமெடுத்த பிரதியைத்தான் பார்வைக்குத் தருகிறார்கள்.

இலையைப் பழுப்பாக்கும் டானினைப் பழைய கடிதங்களிலும் சந்திக்கிறேன். ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடும் இடத்தைச் சுற்றி மரத்தின் திசு உருண்டையாகத் திரளும். அதுதான் மாசிக்காய். டானின் நிறைந்த அந்த மாசிக்காயோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் பிசினையும் சேர்த்துக் காய்ச்சிய மையால்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதினார்கள். எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கறுக்கும். அதன் அமிலமும் இரும்பும் காலப்போக்கில் காகிதத்தைத் தின்கின்றன. மை தடித்து விழுந்த இடங்கள், முக்கியமாக எழுத்துகளின் சுழிகள், தனியே உதிர்ந்து ஓட்டையாகும். அப்படிப்பட்ட கடிதம் சல்லடையைப் போல என் கைக்கு வந்திருக்கிறது. இத்தகைய மையில் ஈரம் படவே கூடாது. ஈரத் துணியால் துடைத்தாலோ, மடிப்பை நீக்க நீராவி காட்டினாலோ மையிலுள்ள இரும்பு பக்கவாட்டில் பரவி, நல்ல காகிதத்தையும் அரிக்கத் தொடங்கும். எழுத்து கரும்பழுப்பாக இருந்து, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பிரித்துப் பிரித்துப் படிப்பதை நிறுத்துங்கள். ஒருமுறை படமெடுத்துக்கொண்டு, தாளைத் தட்டையாக வைத்துவிடுங்கள்.

கிழிசலைக் கண்டதும் ஒட்டு நாடாவைத் தேடும் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. ஒளி ஊடுருவும் ஒட்டு நாடா 1930இல் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் அது எத்தனை குடும்ப ஆவணங்களைக் கெடுத்திருக்கிறதோ தெரியாது. பசை முதலில் மஞ்சளாகும், பிறகு இளகித் தாளுக்குள் ஊறும். கடைசியில் நாடா கழன்று விழும், கறை மட்டும் தங்கும். சாக்கடல் அருகே கிடைத்த பழங்கால யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,000 ஆண்டுகளாகக் குகைகளில் தாக்குப்பிடித்த அந்தத் துண்டுகளை, 1950களில் அறிஞர்கள் ஒட்டு நாடாவால்தான் இணைத்தார்கள். 1991இல் இஸ்ரேல் தொல்பொருள் துறை இதற்கென்றே ஓர் ஆய்வகம் அமைத்து அந்த நாடாவையும் பசையையும் நீக்க வேண்டியிருந்தது. நாடா ஒட்டிய அந்த அறிஞர்கள் அக்கறையில் குறைந்தவர்களா? அன்று கையில் கிடைத்ததைக் கொண்டு நல்லெண்ணத்தோடு செய்தார்கள். கிழிந்த கடிதத்தை ஒட்டாமல், துண்டுகளை ஒரே உறையில் சேர்த்து வைத்தாலே போதும். பின்னால் வருபவர் அதைச் சரிசெய்ய வழி இருக்கும். லேமினேஷன் செய்துவிட்டால் அந்த வழியும் அடைந்துபோகும்.

வெள்ளிப் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. காற்றில் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடோடு வெள்ளி சேரும்போது கறுப்புப் படலம் உண்டாகிறது. அந்தப் படலத்திலேயே வெள்ளி இருப்பதால், ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போய்விடுகிறது. சிமிழின் மூடியில் பொறித்த பெயர் தேய்ந்து, தடவிப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலையில் கொண்டுவருகிறார்கள். முலாம் பூசியதாக இருந்தால் உள்ளே இருக்கும் உலோகமே எட்டிப்பார்க்கும். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் கந்தகம் கலந்தவை. வெள்ளியை அவற்றோடு வைக்காதீர்கள். உலோகத்தையும் புகைப்படத்தையும் கையுறை போட்டுத் தொடுவது நல்லது. காகிதத்துக்குக் கழுவி உலர்த்திய வெறும் கையே மேல். பருத்திக் கையுறையில் விரலுக்குத் தாளின் உணர்வு தெரியாது, ஓரம் கிழிந்துவிடும். திரைப்படங்களில் வெள்ளைக் கையுறையோடு ஓலையும் தாளும் புரட்டுவதைப் பார்த்துப் பலர் இதை நம்ப மறுக்கிறார்கள்.

இந்தப் பருவத்துக்கே உரிய இரண்டு ஆபத்துகளில் ஒன்று ஒளி. சூரியன் தாழ்ந்து செல்வதால், கோடையில் ஜன்னலோடு நின்ற வெயில் இப்போது அறையின் உட்சுவர் வரை வருகிறது. அழகான வெளிச்சம்தான். ஆனால் ஒளியால் நேரும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. அருங்காட்சியகங்களில் நீர்வண்ண ஓவியத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் அளவே வெளிச்சம் தருகிறார்கள். நேர்வெயில் பல்லாயிரம் லக்ஸ். சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் மேல் எந்த நேரத்தில் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் கவனித்து, இடம் மாற்றுங்கள்.

இன்னொன்று ஈரம். மழையோடு வரும் புழுக்கத்தில் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சை எழும்பக்கூடும். பிறகு குளிருக்கு ஹீட்டர் போட்டதும் காற்று வறண்டு, மரப்பெட்டியின் பலகை சுருங்கி வெடிக்கும். வெளிச்சுவரை ஒட்டியும் ஹீட்டர் பக்கத்திலும் பழம்பொருள்களை வைக்காமல் இருந்தால் இதில் பாதித் தொல்லை குறையும்.

பொறுக்கி வந்த ஓக் கொட்டைகளுக்குள் புழு இருக்கலாம். ஓட்டில் துளை போட்டு வெளியே வரும். சருகோடும் பட்டையோடும் வேறு பூச்சிகள் வரும். அவற்றை நேரே புத்தக அலமாரியில் அடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த பொருளின் மேல் நீர் கோக்கும்.

வந்தவர்களிடம் நான் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. இது யாருடையது, எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பாதிப் பதில்தான் கிடைக்கிறது. தெரிந்த பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். இலைக்கும் அதேதான்: எந்த மரம், எந்த நாள், யாரோடு நடந்தபோது எடுத்தது. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெளிறும், ஈரம் பட்டால் பரவும், பென்சில் கரி மங்காது. பொருளின் மேல் எழுதாமல் உறையின் மேல் எழுதுங்கள். அதையும் பொருளை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் பென்சில் அழுத்தும் தடம் உள்ளே இருக்கும் புகைப்படத்தில் பதிந்துவிடும்.