கட்டுப்பாட்டுக் குழு அல்ல, ஒப்பீட்டுக் குழு

மாட்டுத் தடுப்பூசி ஆய்வு பற்றித் தமிழில் வரும் செய்திகளில் இப்படி ஒரு வரி கட்டாயம் இருக்கிறது: "தடுப்பூசி போட்ட மாடுகள் நலமாக இருந்தன, கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்த மாடுகளை நோய் தாக்கியது." ஆய்வுமுறை தெரியாத ஒருவர் இதைப் படித்தால் என்ன புரிந்துகொள்வார்? கட்டுப்பாட்டில் வைத்து, மேய்ச்சலுக்கு விடாமல், கவனமாகப் பார்த்துக்கொண்ட மாடுகளுக்கே நோய் வந்துவிட்டது என்றுதான் புரிந்துகொள்வார். உண்மையில் அந்த மாடுகளுக்கு ஊசி போடவில்லை, அவ்வளவுதான். மற்ற எல்லா வகையிலும் அவை ஊசி போட்ட மாடுகளைப் போலவே வளர்க்கப்பட்டவை. ஒரே சொல் வாசகரை நேர் எதிர்த் திசைக்குக் கொண்டுபோய்விடுகிறது.

இந்தக் குழுவை ஆங்கிலத்தில் 'கன்ட்ரோல் குரூப்' என்பார்கள். கன்ட்ரோல் என்றால் கட்டுப்பாடு என்று அகராதி சொல்கிறது, குரூப் என்றால் குழு. இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். அந்தக் கன்ட்ரோல் இந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால லத்தீனில் 'கொன்ட்ராரொட்டுலுஸ்' என்று ஒரு சொல் இருந்தது. 'கொன்ட்ரா' என்றால் எதிர், 'ரொட்டுலுஸ்' என்றால் சுருள் ஏடு. கணக்கை ஒருவர் ஒரு சுருளில் எழுத, அதே கணக்கை இன்னொருவர் வேறொரு சுருளில் எழுதி வைத்திருப்பார். முதல் கணக்கில் சந்தேகம் வந்தால் இரண்டாவதை எடுத்து ஒத்துப் பார்ப்பார்கள். அந்த எதிர்ச்சுருள்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கன்ட்ரோல் ஆனது. பிரெஞ்சில் இன்றைக்கும் ரயிலில் பயணச்சீட்டைச் சரிபார்ப்பவர் 'கொன்ட்ரோலர்'தான். அடக்குதல், ஆளுதல் என்ற பொருளெல்லாம் ஆங்கிலத்தில் பின்னால் ஓங்கி வளர்ந்தவை. ஆய்வுக்கூடத்துக் கன்ட்ரோல் பழைய பொருளுக்கே நெருக்கமானது. அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் 1954-இல் இந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் போனபோது அவரும் இந்தச் சுருளுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

ஆகவே கன்ட்ரோல் குரூப் என்பது ஒத்துப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் குழு. இதைச் சொல்ல 'ஒப்பீடு' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. பிறகு ஏன் 'கட்டுப்பாடு'?

எனக்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. பாடநூல்களில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது, இனி மாற்றினால் குழப்பம் வரும் என்பது முதல் பதில். நிலைத்த சொல் தெளிவாகவும் இருந்தால் இதை ஏற்கலாம். இங்கே குழப்பத்தைத் தருவதே அந்தச் சொல்தான். 'நோய்க் கட்டுப்பாடு' என்றால் நோய் பரவாமல் தடுப்பது. 'சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்றால் மருந்தும் உணவும் சரியாகப் போகின்றன என்று பொருள். கொரோனா காலத்தில் 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்றால் தெருவை அடைத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவையெல்லாம் சரியான பயன்பாடுகள். இவ்வளவையும் பழகிய வாசகரிடம், அதே நோய் பற்றிய கட்டுரையில், எந்தத் தடுப்பும் தரப்படாத மாடுகளைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்றால் அவர் எப்படிச் சரியாகப் புரிந்துகொள்வார்? விலங்கு நோய் பற்றி எழுதுபவர்களுக்கு இந்தச் சொல் மற்ற எவரையும்விட அதிக ஆபத்தானது. அவர்கள் கட்டுரையில் உண்மையான கட்டுப்பாடும் வரும், இந்தப் பொய்யான கட்டுப்பாடும் வரும், சில சமயம் ஒரே பத்தியில் வரும்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. சோதனையில் எல்லா நிலைமைகளையும் கட்டுப்படுத்தித்தானே வைக்கிறோம், அதனால் கட்டுப்பாட்டுக் குழு என்பதும் பொருந்தும் என்கிறார்கள். தீனி, தண்ணீர், கொட்டகை, வயது எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைப்பது உண்மைதான். ஆனால் அது இரண்டு குழுவுக்கும் பொது. ஊசி போட்ட குழுவும் அதே அளவு கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஒன்றை வைத்து ஒன்றுக்கு மட்டும் பெயர் வைக்க முடியாது.

செய்து காட்டியவர்களிடமே போய்ப் பார்ப்போம். 1881 மே மாதம் பிரான்சில் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் லூயி பாஸ்டர் அடைப்பான் நோய்க்குத் (செய்திகளில் ஆந்த்ராக்ஸ் என்று வருவது இதுதான்) தடுப்பூசியைப் பலர் முன்னிலையில் சோதித்தார். 24 செம்மறி, ஒரு வெள்ளாடு, 6 மாடுகளுக்கு மே 5, மே 17 ஆகிய நாள்களில் ஊசி. இன்னொரு 24 செம்மறி, ஒரு வெள்ளாடு, 4 மாடுகளுக்கு ஒன்றுமில்லை. மே 31 அன்று இரண்டு கூட்டத்துக்கும் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தினார்கள். ஜூன் 2 அன்று கூட்டம் கூடியபோது ஊசி போடாத ஆடுகளில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. மீதியும் அன்றைக்கே செத்தன. ஊசி போடாத மாடுகள் சாகவில்லை, ஆனால் வீக்கமும் காய்ச்சலும் கண்டன. ஊசி போட்ட பக்கத்தில் ஒரு சினை ஆடு மட்டும் பிறகு இறந்தது.

ஊசி போடாத அந்த ஆடுமாடுகளை பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கும் பெயர் 'தெமுவான்', அதாவது சாட்சி. இன்றும் அவர்களுக்கு அது 'சாட்சிக் குழு'தான். எவ்வளவு பொருத்தமான பெயர்! கிருமிக்கு வீரியம் இருந்தது என்று சாட்சி சொல்வது அந்தக் குழு. அதன் மாடுகளுக்கு நோய் வரவேண்டும். வராவிட்டால் கொடுத்த கிருமியே செத்துப்போனதாக இருக்கலாம், தடுப்பூசியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, சோதனையே செல்லாது. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய்க்குத் (ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட்) தடுப்பூசியைச் சோதித்தவர்களுக்கும் இதுவே விதி. அந்த நோய் உலகில் இல்லை என்று 2011-இல் அறிவிக்கும் நிலை வந்ததற்குப் பின்னால், ஊசி போடாமல் விடப்பட்டு நோய்ப்பட்ட இப்படிப்பட்ட மாடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நாம் கொடுத்த பெயர் 'கட்டுப்பாடு' என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உடலியங்கியலில் இதைவிடத் தெளிவான சான்று உண்டு. 1848 வாக்கில் பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளோத் பெர்னார், உணவில் போகும் சர்க்கரை உடலில் எங்கே போகிறது என்று நாய்களை வைத்துத் தேடினார். சர்க்கரைச் சத்துள்ள உணவு தின்ற நாயின் ஈரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் சர்க்கரை இருந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். ஒத்துப் பார்க்க, வெறும் இறைச்சி தின்ற நாயையும் அறுத்துப் பார்த்தார். அங்கேயும் சர்க்கரை! ஈரலே சர்க்கரையை உண்டாக்குகிறது என்ற கண்டுபிடிப்பு அந்த இரண்டாவது நாயிலிருந்து வந்தது. 1865-இல் ஆய்வுமுறை பற்றி எழுதியபோது பெர்னார் இந்த வழிக்கு வைத்த பெயர் 'ஒப்பீட்டுச் சோதனை'. முன்னோடி ஒருவரே அந்தச் சொல்லைக் கையில் கொடுத்திருக்க, நாம் ஆங்கிலத்தின் வழியே சுற்றிப்போய்க் கட்டுப்பாட்டை எடுத்து வந்திருக்கிறோம்.

புலனுணர்வு ஆய்வுகளுக்கு வந்தால் கட்டுப்பாடு என்ற சொல் முற்றிலும் பொருளற்றுப் போகிறது. கவராயத்தின் இரு முனைகளையும் தோலில் வைத்து, எவ்வளவு நெருக்கமாக வைத்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது என்று பார்க்கும் சோதனையை ஜெர்மானிய உடலியங்கியலாளர் வேபர் 1834-இல் எழுதினார். இதில் ஒரு சிக்கல். 'இரண்டு' என்று எதிர்பார்த்திருப்பவர் ஒரு முனை பட்டாலும் 'இரண்டு' என்றே சொல்லிவிடுவார். அதனால் இடையிடையே சொல்லாமல் ஒரு முனையை மட்டும் வைப்பார்கள். இங்கே யாரைக் கட்டுப்படுத்துகிறோம்? ஒருவரையும் இல்லை. அவருடைய பதில்களை அவருடைய பதில்களோடே ஒத்துப் பார்க்கிறோம்.

நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்த ஆங்கிலேய ஆய்வாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அவர்களுடைய பார்வையையும் மற்றப் புலன்களையும் சோதித்து 1905-இல் வெளியிட்டார். ஒரே நீளமுள்ள இரு கோடுகளில், முனையில் வரைந்த அம்புக்குறிகளால் ஒன்று நீளமாகத் தெரியும் மாயத்தோற்றம் தோடர்களிடம் குறைவாக இருந்ததைக் கண்டார். எதைவிடக் குறைவு? இங்கிலாந்துக்காரர்களைவிட. அந்த இங்கிலாந்துக்காரர்கள்தான் ஒப்பீட்டுக் குழு. அதே ரிவர்ஸ் பின்னால் மது உடலின் களைப்பை எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்தபோது, குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாதபடி சுவையை மறைத்து, மது இல்லாத ஒரு பானத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். இப்படிப்பட்ட போலி மருந்துக்குத் தமிழில் 'மருந்துப்போலி' என்று ஒரு சொல் அமைந்திருக்கிறது. பார்த்த உடனே விளங்கும் அருமையான ஆக்கம். அதை உருவாக்கியவர் பொருளை யோசித்து உருவாக்கியிருக்கிறார். அந்த யோசனை கன்ட்ரோலுக்கு மட்டும் கிடைக்காமல் போய்விட்டது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: 'சீரற்ற கட்டுப்படுத்தப்பட்ட சோதனை'. மருத்துவத்தில் மிக நம்பகமான சோதனை வகைகளில் ஒன்றுக்கு இந்தப் பெயர். சீரற்ற என்றால் ஒழுங்கு கெட்டது. ஒழுங்கு கெட்டது எப்படிக் கட்டுப்படுத்தப்பட்டதாகவும் இருக்கும்? யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்து, பிறகு ஒப்பிடுவதுதான் அந்தச் சோதனை. 'குலுக்கல்முறை ஒப்பீட்டுச் சோதனை' என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். குலுக்கல் என்றால் பரிசுச்சீட்டு போலத் தரக்குறைவாக இருக்கிறதாம். தெளிவாக இருக்கும் சொல்லைத் தரக்குறைவு என்று ஒதுக்குகிற பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேரூன்றிவிட்டது. வாசகருக்குப் புரியாத சொல்லை எழுதினால்தான் அறிவியல் மாதிரி இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

வேறு தமிழ்ச் சொற்களும் நினைவுக்கு வரலாம். 'சான்றுக் குழு' பிரெஞ்சுச் சொல்லுக்கு நெருக்கம். ஆனால் இன்று சான்று என்றதும் சான்றிதழ் கொடுக்கும் குழுவாகத் தோன்றும். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லைக் குறள் 'கட்டளைக் கல்' என்கிறது. அதிலிருந்து கட்டளையை எடுக்கலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. இன்று கட்டளை ஆணையாகிவிட்டதால் அதுவும் பழைய குழியிலேயே கொண்டுபோய்த் தள்ளும். 'ஒப்புக் குழு' சுருக்கமானது, ஆனால் 'ஒப்புக்கு' இருக்கும் குழு என்று காதில் விழும். 'ஒப்பீட்டுக் குழு' என்றால் இரண்டையும்தானே ஒப்பிடுகிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எதிர்ப்பக்கத்தை 'ஊசிக் குழு' என்றோ 'மருந்துக் குழு' என்றோ சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

நிலைமைகளை மாறாமல் வைப்பதற்கு ஆங்கிலத்தில் அதே கன்ட்ரோல்தான் ஓடுகிறது. அது ஆங்கிலத்தின் குறை, நாம் அதைச் சுமக்க வேண்டியதில்லை. 'வெப்பத்தைக் கட்டுப்படுத்தினோம்' என்பதற்கு 'வெப்பத்தை மாறாமல் வைத்தோம்' என்று எழுதலாம். 'வயதுக்குக் கட்டுப்படுத்திய பின்' என்று புள்ளியியல் கட்டுரைகளில் வருவதை 'வயது வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தபோது' என்று எழுதலாம். ஆய்வுக்கூட அறிக்கைகளில் வரும் 'நேர்மறைக் கட்டுப்பாடு', 'எதிர்மறைக் கட்டுப்பாடு' இரண்டையும், கிருமி இருப்பது உறுதியாகத் தெரிந்த மாதிரி, இல்லாதது உறுதியாகத் தெரிந்த மாதிரி என்று விரித்தே எழுதிவிடலாம். நாலு சொல் கூடும், பரவாயில்லை.