பஞ்ச்: சொல்லும் சரக்கும்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நாட்குறிப்புகளையும் கப்பல் கடிதங்களையும் தமிழாக்குபவர்கள் 'பஞ்ச்' என்ற சொல்லில் இடறுவதுண்டு. அகராதியில் முதலில் கண்ணில் படுவது 'குத்து'. அதை அப்படியே எடுத்துப் போட்டால், கப்பல் தலைவரின் அறையில் அதிகாரிகள் குத்துக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்! இங்கே பஞ்ச் என்பது மது: சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, தண்ணீர், மேலே துருவிய ஜாதிக்காய்.

பீரும் லேசான ஒயினும் வெப்பக் கடலில் மாதக்கணக்கில் பயணம் செய்தால் புளித்துப்போகும். காய்ச்சி வடித்த சாராயம் கெடாது. கோவாவிலும் கொழும்பிலும் தென்னங்கள்ளை வடித்த சாராயம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் நெடி அதிகம். அந்த நெடியை அடக்கவே எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்தன.

இச்சொல் ஆங்கிலத்தில் முதன்முதலில் காணப்படுவது 1632-இல், கம்பெனி ஊழியர் ராபர்ட் ஆடம்ஸ் எழுதிய கடிதத்தில். அது சென்று சேர்ந்த இடம் சோழமண்டலக் கரையின் வடபகுதியில் இருந்த பேட்டப்போலி, இன்றைய ஆந்திரத்தின் நிஜாம்பட்டினம்.

ஐந்து பொருள் சேர்வதால் 'பஞ்ச' என்பதிலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். 1670-களில் இந்தியாவில் இருந்த மருத்துவர் ஜான் ஃப்ரையரே அப்படித்தான் எழுதினார். பஞ்சாமிர்தம் அறிந்த நமக்கு அது உடனே ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அவருக்கு முந்தைய சான்றுகள் இடிக்கின்றன. 1638-இல் சூரத் வந்த ஜெர்மானியப் பயணி மாண்டெல்ஸ்லோ சொல்வது நான்கே பொருள்: சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை. 1660-களில் பிரெஞ்சுப் பயணி பெர்னியர் வங்காளத்தில் கண்ட 'பூல்போஞ்ச்', அதாவது ஒரு கிண்ணம் பஞ்ச், அதிலும் நான்குதான். தனியாகச் சர்க்கரை இல்லை. ஒலியும் பொருந்தவில்லை. 1632 வாக்கில் ஆங்கிலேயர் இந்தச் சொல்லின் உயிரை உகரத்தை ஒட்டியே ஒலித்திருப்பார்கள்; 'பஞ்ச' என்பதைக் கேட்டு எழுதியிருந்தால் வேறு எழுத்து வந்திருக்கும். 'பஞ்சன்' என்ற பெரிய மரப்பீப்பாயின் பெயர் சுருங்கியது என்பது மற்றொரு கருத்து. வழக்கு இன்னும் முடியவில்லை. ஐந்து என்ற கதையை உறுதியான வேராக எழுதக் கூடாது.

மேற்கிந்தியத் தீவுகளில் வழங்கிய அளவு எளிது: புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, சரக்கு மூன்று, தண்ணீர் நான்கு. முறைதான் முக்கியம். எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லச் சீவிச் சர்க்கரையோடு நசுக்க வேண்டும். தோலின் எண்ணெய் சர்க்கரையில் இறங்கும். உள்ளிருக்கும் வெள்ளைத்தோல் சேர்ந்தால் கசக்கும். பிறகு வெந்நீர் ஊற்றிக் கரைத்து, சாறு பிழிந்து, வடிகட்டி, கடைசியில்தான் சாராயம். சாராயத்தை முதலில் ஊற்றினால் சர்க்கரை சரியாகக் கரையாமல் அடியில் தங்கிவிடும்.

கிண்ணம் பெரும்பாலும் கான்டனிலிருந்து வந்த சீனப் பீங்கான். கரண்டி வெள்ளி, சூடான பஞ்சில் கிடந்தாலும் கை சுடாதபடி அதன் காம்பைத் திமிங்கலத்தின் வாய்த்தகட்டை முறுக்கிச் செய்வார்கள். சிலவற்றின் குழியில் ஒரு நாணயம் பதிந்திருக்கும். அட்மிரல் எட்வர்ட் ரஸ்ஸல் 1694-இல் ஸ்பெயினில் கொடுத்த விருந்தில் தோட்டத்து நீரூற்றுத் தொட்டியே கிண்ணமானது என்பார்கள்; ஆயிரக்கணக்கில் எலுமிச்சை பிழிந்து, ஒரு பையன் படகில் மிதந்தபடி மொண்டு கொடுத்தானாம்.

கீழ்த்தளத்து மாலுமிக்கு இந்தக் கொண்டாட்டம் கிடையாது. அவனுக்கு 'கிராக்'. ஜமைக்காவில் இருந்த அட்மிரல் வெர்னன் 1740 ஆகஸ்டில் போட்ட உத்தரவுப்படி, அரை பைண்ட் ரம்மில் ஒரு குவார்ட் தண்ணீர், அதாவது நான்கு மடங்கு. மாலுமி தன் உணவுப் பங்கில் மிச்சம் பிடித்து எலுமிச்சையும் சர்க்கரையும் வாங்கிக்கொள்ள அவர் இடம் கொடுத்தார். அவை சேர்ந்தால் அதுவும் ஏறக்குறைய பஞ்ச்தான். ஆனாலும் மொழிபெயர்ப்பில் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. யார் எதைக் குடித்தார் என்பதில் பதவி தெரிகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கலவை மது' என்றால் இன்றைய காக்டெயிலோடு குழம்பும். 'ஐங்கலவை' உறுதியாகாத வேரைச் சொல்லுக்குள்ளேயே பூட்டிவிடும். 'சாராயப் பானகம்' பொருத்தம் என்பேன். வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் ஏலமும் கரைத்த நம் பானகத்தின் அமைப்பு இதற்கு மிக நெருக்கம். ஸ்ரீராம நவமிக்குப் படைப்பதன் பெயராயிற்றே என்று தயங்குபவர்கள் 'பஞ்ச்' என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் விளக்கம் கொடுக்கலாம். பிராந்தியிலோ ஒயினிலோ செய்ததானால் 'மதுப் பானகம்'. துறைமுக ஊர்களில் மாலுமிகளும் சிப்பாய்களும் கூடிய 'பஞ்ச் ஹவுஸ்' விருந்து மாளிகை அல்ல, சாராயக்கடை.